‘நான் அல்ல, நீ’: யார் அந்த நீ?

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 24 ஆம் தேதி கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட நாள் கொண்டாடுகிறார்கள். குத்துவிளக்கு, உறுதிமொழி, ஒரு மரக்கன்று, பிறகு பேச்சு. 1969 ஆம் வருஷம் இதே தேதியில், காந்தி நூற்றாண்டையொட்டி, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களை வைத்து இந்தத் திட்டத்தைத் தொடங்கினார் என்று திட்ட அலுவலர் வாசிப்பார். மாணவர்கள் கை தட்டுவார்கள். அந்தத் தேதிக்கு வேறு இரண்டு வரலாறுகள் உண்டு என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1873 செப்டம்பர் 24 இல் புனே நகரத்தில் ஜோதிராவ் புலே சத்திய சோதக் சமாஜத்தைத் தொடங்கினார். 1932 செப்டம்பர் 24 இல் அதே புனேயின் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது.

தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். டெல்லியில் யாரோ உட்கார்ந்து சதி பண்ணினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கிற மூன்று பிரதிகளைச் சேர்த்து வாசிப்பதில் தப்பு ஒன்றும் இல்லையே. சேர்த்து வாசித்தால், அரை நூற்றாண்டாக லட்சக்கணக்கான மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற ஒரு திட்டத்தின் உள்ளே எது இல்லை என்பது தெரிகிறது.

பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நமக்குள் தீராத சண்டை உண்டு. இருக்கட்டும். தனி வாக்காளர் தொகுதியைப் பிடுங்கிக்கொண்டு, 71 இடத்துக்குப் பதிலாக 148 இடம் கொடுத்த பேரம் அது. ஒரு உயிரைத் துருப்புச்சீட்டாக வைத்து நடந்த பேரம். இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் கடைசிப் பிரிவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்விக்குப் போதுமான தொகையை ஒதுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதில் இரக்கம் இல்லை, தொண்டு இல்லை, மனமாற்றம் இல்லை. பணம் இருக்கிறது, அதில் பங்கு இருக்கிறது. எழுதிக் கையெழுத்து வாங்கிய பங்கு.

ஆறே நாளில் இன்னொன்று பிறந்தது. 1932 செப்டம்பர் 30 இல் தீண்டாமை எதிர்ப்புச் சங்கம். ஜி.டி. பிர்லா தலைவர், ஏ.வி. தக்கர் பொதுச்செயலாளர். கொஞ்ச நாளில் அதற்கு ஹரிஜன சேவா சங்கம் என்று பெயர் மாறியது. நவம்பரில் மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், அந்தக் கப்பலில் இருந்தே தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் மாணவர் ஒவ்வொருவரும் முகாமுக்குப் போகும் முன்னால் படித்துவிட்டுப் போக வேண்டிய கடிதம் அது. அவர் சொன்னதன் சாரம் இது. தீண்டப்படாதோர் நிலைக்குக் காரணம் அவர்களுடைய தனிமனித ஒழுக்கக் குறைவு என்று நினைத்தால், மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், கூட்டுறவு, நூலகம், பள்ளி என்று வேலை செய்வீர்கள். நல்ல தனிமனிதர்களை உருவாக்கலாம் என்று நம்புவீர்கள். காரணம் அவர்களைச் சுற்றியிருக்கும் சமூகம் என்று நினைத்தால் வேலையே வேறு. பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், சாவடி, பொது வாகனம் இவற்றில் குடியுரிமைக்காகக் கிராமம் கிராமமாகப் போராட வேண்டும். மோதல் வரும், மண்டை உடையும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஊழியர்கள் பெரும்பாலும் தீண்டப்படாதோரிலிருந்தே வர வேண்டும்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சங்கத்தை நடத்தும் குழுவில் எங்களுக்கு இடம் எங்கே என்று கேட்டபோது, தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், சங்கம் அவர்களுடைய பிராயச்சித்தம், ஆகவே அதை அவர்களேதான் நடத்த வேண்டும் என்று காந்தியிடமிருந்து பதில் வந்தது. பிராயச்சித்தம் செய்கிறவர் ஒருவர். அதற்கு இலக்காக இருப்பவர் இன்னொருவர். இலக்குக்குக் குழுவில் எதுக்கு நாற்காலி?

இப்போது 1969 க்கு வரலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் முதன்மை நோக்கம் கிராமத்தை மாற்றுவது இல்லை. பலர் அப்படி நினைத்துக்கிட்டிருக்கிறார்கள். கையேட்டைத் திறந்து பாருங்கள். சமூகத் தொண்டின் வழியாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதுதான் நோக்கம். ராதாகிருஷ்ணன் குழு, தேஷ்முக் குழு, கோத்தாரி குழு என்று இருபது வருஷம் பேசி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240. அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 1977 இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டோடு விரிவாக்கப் பணியையும் பல்கலைக்கழகத்தின் மூன்றாவது கடமை ஆக்கியது. நல்ல முடிவுதான். ஆனால் விரிவாக்கம் என்ற சொல்லே எங்கே நின்று பேசுகிறது பாருங்கள். நடுவில் பல்கலைக்கழகம். அதன் கை வெளியே நீள்கிறது. நீண்ட கையின் நுனியில் ஒரு கிராமம். கிராமம் அந்தக் கையைப் பிடித்து உள்ளே ஏறி வர வழி இருக்கிறதா என்பது பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

அமைப்பும் அதே மாதிரிதான். மேலே மத்திய இளைஞர் நல அமைச்சகம், பிறகு மாநிலத் திட்ட அலுவலர், பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளர், கல்லூரித் திட்ட அலுவலர், நூறு பேர் கொண்ட அலகு. எல்லாத்துக்கும் அடியில் தத்தெடுத்த கிராமம். பணம் 7க்கு 5 என்று மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்; 2016 இலிருந்து முழுக்க மத்திய அரசு. யார் பணம் கொடுப்பது என்பது மாறியிருக்கிறது. முகாம் எந்த ஊரில், என்ன வேலை, யாரைக் கேட்டு என்பதை முடிவு செய்கிற திசை மாறவில்லை. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982 இல் வந்தது. அதற்கு முன் இங்கேயுள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஒருங்கிணைப்பாளர் உட்காரும் ஊர் கிட்டே வந்தது, அவ்வளவுதான்.

திட்டத்தின் முழக்கம் ‘நான் அல்ல, நீ’. கேட்க அழகாக இருக்கிறது. இலக்கணம் படித்தவளுக்கு இதில் ஒரு தொந்தரவு. தன்மை என்பது பேசுகிறவர். முன்னிலை என்பது கேட்கிறவர். இந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால் நான் வேறாகவும் நீ வேறாகவும் இருக்க வேண்டும். நான் கல்லூரி, நீ கிராமம். நான் கொடுப்பவன், நீ வாங்குபவன். சேரியிலிருந்து கல்லூரிக்குப் போன ஒரு பெண் இந்த வாக்கியத்தில் எங்கே நிற்பாள்? சட்டையில் பேட்ஜ் குத்தியிருப்பதால் அவள் ‘நான்’. முகாமின் ஐந்தாம் நாள் எல்லோரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் இறங்கும் சாக்கடை அவள் சித்தி வீட்டுச் சாக்கடை மாதிரியே இருக்கிறது. அப்போது அவள் ‘நீ’. தமிழில் ‘நாம்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ‘நாங்கள்’ என்றும் இருக்கிறது. முழக்கம் எழுதினவர்களுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

நான் உறையூர்க்காரி. கல்லூரியில் இரண்டு வருஷம் இந்தத் திட்டத்தில் இருந்தேன். கல்லூரி பெயரும் ஊர் பெயரும் வேண்டாம். இது ஒரு கல்லூரியின் கதை இல்லை. முகாம் நடந்தது ஊருக்குள் இருக்கும் ஒன்றியப் பள்ளிக்கூடத்தில். துவக்க விழா கோயில் மண்டபத்தில். அந்த மண்டபத்தில் சேரிக்காரர்கள் உட்கார்வார்களா என்று யாரும் கேட்கவில்லை. அன்று மண்டபத்தில் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்திருந்தாலே பதில் கிடைத்திருக்கும். இரண்டாம் நாள் கணக்கெடுப்பு. வீடு வீடாகப் போய், கழிப்பறை உண்டா, மின்சாரம் உண்டா, படித்தவர் எத்தனை பேர். படிவத்தில் சமூகம் என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தோம். அந்தக் கட்டத்தை வைத்துக் கடைசி வரை ஒரு கூட்டல் கணக்குக் கூடப் போடவில்லை. ஊர்த் தெருவில் ஒரு அம்மா மோர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே, “பாப்பா நீ எந்த ஊரு? உறையூரா? உறையூர்ல எந்தத் தெரு?” என்று கேட்டார். படிவம் கேட்கத் தெரியாத கேள்வியை அந்த அம்மா சரியாகக் கேட்டார். ஆய்வு முறையில் அவர்தான் தேர்ந்தவர். நான் தெருப் பெயரைச் சொன்னேன். மோர்ச் செம்பு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

ராத்திரி கூட்டத்தில் இதைச் சொன்னபோது திட்ட அலுவலர் கோபப்படவில்லை. நல்ல மனுஷர்தான். “இதையெல்லாம் இங்க கிளறாதீங்கம்மா. ஏழு நாள்ல நாம போயிருவோம், அவங்க இங்கதான் இருக்கணும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே வாக்கியத்தில்தான் திட்டம் முழுசும் இருக்கிறது. ஏழு நாளில் போய்விடுகிற ஒன்றுக்கு எதைக் கிளற அனுமதி உண்டு? மண்ணை மட்டும்தான். சேரியில் ஒரு பாட்டி எங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்டது இன்னும் கூர்மை: “எங்க புள்ளைங்களும் காலேசு போவுதுங்க. அதுங்க எந்த ஊரைச் சுத்தம் பண்ணப் போவுதுங்க?” யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டி பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகவும் தெரியவில்லை.

‘தத்தெடுத்தல்’ என்ற சொல்லையும் விடக் கூடாது. பள்ளிக்கூடச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், இந்தக் கிராமம் இன்ன கல்லூரியால் தத்தெடுக்கப்பட்டது என்று. 2014 இல் வந்த உன்னத் பாரத் அபியான் இந்தச் சொல்லை ஐ.ஐ.டி. வரைக்கும் கொண்டுபோய்விட்டது. நம் சட்டத்தில் தத்து எடுத்தால் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. கல்லூரியின் இடங்களில், விடுதியில், வேலையில் தத்துப் பிள்ளையான கிராமத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அப்பன் பெயரை மட்டும் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. திருப்பாணாழ்வார் உறையூரில் பாணர் குலத்தவர். குருபரம்பரைக் கதை எல்லோருக்கும் தெரியும். காவிரியின் தென்கரையில் நின்று, அரங்கத்தைப் பார்த்து, யாழ் மீட்டித் தன்னை மறந்து பாடிக்கொண்டிருந்தார். பெருமாளுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார். காதில் விழவில்லை. கல்லால் அடித்தார். நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கனே முனிவரிடம் சொல்ல, முனிவர் ஆழ்வாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். முனிவாகனர் என்று பெயர் வந்தது. உள்ளே போனவர் பாடினார், பெருமாளோடு ஒன்றாகக் கலந்துவிட்டார்.

தீண்டாமை ஒழிப்பு மேடைகளில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். முனிவரே தோளில் சுமந்தார், பாருங்கள்! நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். கதையில் பாணர் ஒருமுறை கூடத் தன் காலால் கோயிலுக்குள் நடக்கவில்லை. அவர் கால் அந்த மண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் அந்தத் தோளைப் படிக்க முடியும். அடித்தவரே சுமக்கிறார், சுமந்ததால் பெருமை அடித்தவருக்கும் சேர்கிறது. உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. உறையூர்ப் பாணர் தெருவுக்கு என்ன ஆயிற்று, அடுத்த பாணன் காவிரியில் இறங்கித் தண்ணீர் எடுத்தானா என்று கதை பேசாது. அதோடு விடவில்லை. பாணர் வயிற்றில் பிறந்தவர் கூட இல்லை, நெல் வயலில் கண்டெடுத்த குழந்தை என்று ஒரு பிறப்புக் கதையும் ஒட்டவைத்தார்கள். நந்தனாரை நெருப்பில் இறக்கினார்கள், இவரைத் தோளில் ஏற்றினார்கள். இரண்டு வழியிலும் சேரிக்கு ஆள் திரும்பவில்லை.

இளைஞர் மேம்பாடு என்று இன்று சொல்வதும் இந்தத் தோள்தான் என்று எனக்குப் படுகிறது. சேரியில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் கண்டுபிடி, பேச்சுப் பயிற்சி கொடு, தலைமைப் பண்பு கொடு, சிறந்த தொண்டர் விருது கொடு, அங்கிருந்து தூக்கிக்கொண்டு போ. தூக்கிய தோளுக்குப் படம். அம்பேத்கர் 1932 இல் தக்கருக்குச் சொன்ன முதல் வழி இதுதானே.

துடைப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 அக்டோபர் 2 இல் தூய்மை இந்தியா இயக்கம் வந்த பிறகு, கல்லூரி மாணவர் கையில் துடைப்பம் கொடுத்துப் படம் எடுப்பது திட்டத்தின் பெரிய வேலையாக ஆகிவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் மாநகராட்சித் துப்புரவு வேலை. ஒரு தடவை, ஒன்பது மணிக்கு மாணவர்கள் வந்து சுத்தம் செய்யப்போகும் வீதிக்கு எங்கள் தெருப் பெண்களை விடிகாலை நான்கு மணிக்கே வரச் சொன்னார்கள். எதற்கு? நாறுகிற குப்பையை முன்னாடியே அள்ளிவிட வேண்டும். மாணவர்களுக்குக் காய்ந்த சருகு மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். வைத்தார்கள். மாணவர்கள் வந்தார்கள், கையுறை, முகக்கவசம், தொப்பி. பெருக்கினார்கள். தேநீர், பிஸ்கட், சான்றிதழ். நான்கு மணிக்கு வந்தவர்கள் அன்று கையுறை இல்லாமல்தான் அள்ளினார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993 இல் ஒன்று, 2013 இல் இன்னொன்று. இரண்டையும் பற்றி மாணவர்களுக்கு அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் துடைப்பத்துக்கு ஒரு அர்த்தம் வந்திருக்கும். ஒரு மணி நேரம் பிடித்தால் தொண்டு, ஆயுசு முழுக்கப் பிடித்தால் சாதி என்று ஒரு கருவிக்கு இரண்டு பெயர் எப்படி வந்தது என்று கேட்க வைப்பதுதானே கல்வி? அன்றைக்கு அந்த மாணவர்களில் எங்கள் தெருப் பையன் ஒருத்தனும் இருந்தான். அவன் மட்டும் படம் எடுக்கும்போது துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டான். அவனுடைய ஆளுமை வளர்ந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பேட்ஜில் இருப்பது கொனாரக் கோயில் தேர்ச் சக்கரம். எட்டு ஆரம், இருபத்து நாலு மணி நேரமும் தொண்டுக்குத் தயார் என்று விளக்கம் சொல்வார்கள். சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் 1998 இல் தலித்துகள் தேர்வடம் பிடிக்கும் உரிமை கேட்டார்கள். வழக்கு, போலீஸ், பேச்சுவார்த்தை என்று இழுத்து, பல வருஷம் தேரே ஓடாமல் நின்றது. தேர்ச் சக்கரத்தை நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொல்லும்போது, அதன் வடத்தை யார் தொடலாம் என்ற கேள்வியும் கூட வரத்தான் செய்யும். பேட்ஜில் இருக்கும் சிவப்பு ரத்தத்தைக் குறிக்கிறதாம். ரத்ததான முகாமில் மட்டும் இதுவரை என்னை எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை.

எல்லாமே வீண் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியறியாத எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு முதல் ஏழு நாள் சுதந்திரம் இந்த முகாம்தான். நான் மைக் பிடித்ததும் அங்கேதான். அதனால்தான் இதை விமர்சிப்பது வேலை மெனக்கெட்ட காரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

பக்கத்திலேயே வேறு ஒன்று நடந்திருக்கிறது. புதுக்கோட்டையில் 1991 இலும் 1992 இலும் அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார், அறிவியல் இயக்கத்தார் முன்னால் நின்றார்கள். அங்கேயும் அரசுத் திட்டம்தான், மேலிருந்து வந்த பணம்தான். ஆனால் தொண்டர்கள் அந்தந்த ஊர் ஆட்கள். ஏழு நாளில் பஸ் ஏறிப் போகிறவர்கள் இல்லை. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கற்றதும் கூலிக்கும், தண்ணீருக்கும், சந்தைக்கும் யாரையும் கேட்காமல் போனார்கள். கல்குவாரியில் கொத்தடிமை மாதிரிக் கிடந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையையே எடுத்தார்கள். எழுத்துக் கற்பித்தது பாடப்புத்தகத்தோடு நிற்காமல் குத்தகைப் பத்திரம் வரை போனது. அதிலும் ஊருக்கு ஒரு வகுப்பு, சேரிக்கு ஒரு வகுப்பு என்று நடந்த இடங்கள் உண்டு என்று அதில் வேலை செய்த தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையாக இருக்கும். ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்: அங்கே ‘நீ’ என்று விளிக்கப்பட்டவள் சீக்கிரமே ‘நான்’ என்று பேச ஆரம்பித்தாள்.

திருச்சி மாவட்டத்திலேயே, லால்குடி வட்டத்தில், திண்ணியம். 2002 மே மாதம் இரண்டு தலித்துகளை ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்த ஊர். பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குத் துணை நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம். கல்லூரிகள் முகாம் போடுகிற அதே வட்டாரம். சிறப்பு முகாம்களின் தலைப்புகளை வரிசையாகப் பாருங்கள். பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்கள், அழுக்குக்கும் நோய்க்கும் எதிராக இளைஞர்கள், மரம் வளர்ப்புக்கு இளைஞர்கள், ஊரகப் புனரமைப்புக்கு இளைஞர்கள். தீண்டாமைக்கு எதிராக இளைஞர்கள் என்று எழுதிய பேனரை நான் இந்தக் கண்ணால் பார்த்ததில்லை.

இளைஞர்கள் சாதிக்கு வெளியே நிற்கும் தூய ஜீவன்கள் என்ற நம்பிக்கை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வெட்டுப்பட்டது. வெட்டியவர்கள் கூடப் படித்த பள்ளி மாணவர்கள். வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். சமூக நீதி மாணவர் படை ஒன்று அமைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இளைஞர் திட்டம் ஒன்றில் சாதி என்ற சொல்லைப் படிவக் கட்டத்திலிருந்து எடுத்து வேலைப் பட்டியலில் வைத்தது பெரிய விஷயம். மறுபடியும் ஒரு சீருடை, ஒரு அணிவகுப்பு என்று அது முடிந்துவிடுமோ என்கிற பயமும் எனக்கு இருக்கிறது. அந்தப் படைக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்? தக்கருக்கு எழுதிய கடிதத்தின் கேள்வி மறுபடியும் அதேதான்.

2022 மார்ச் 1 இல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க, கல்லூரிகள் வழியாக, திறன் பயிற்சி. ‘நான் அல்ல’ என்று தொடங்கியது அரை நூற்றாண்டில் ‘நான் முதல்வன்’ என்று வந்து நிற்பது தமிழ் படித்தவர்களுக்கு நல்ல தமாஷ். சேரிப் பிள்ளைகள் கணினியும் ஆங்கிலமும் கற்றுக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம். தொண்டு என்று பசப்பாமல் வேலைக்குத் தயார் செய்கிறேன் என்று நேராகச் சொல்வதும் ஒரு நாணயம்தான். பூனா ஒப்பந்தத்தின் கடைசிப் பிரிவுக்கு, நலப்பணித் திட்டத்தைவிட இது கொஞ்சம் கிட்டே வருகிறது என்று கூடச் சொல்வேன். ஆனால் இதிலும் ‘நாம்’ இல்லை.

அப்படியானால் ஏழு நாள் முகாமில் என்னதான் செய்வது என்று மாணவ நண்பர்கள் கேட்பார்கள். என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891 இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892 இல் அரசு உத்தரவு போட்டு, ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். வேறு ஆளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். இன்று அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் செத்தார்கள். ஒரு சிறப்பு முகாமில் ஐம்பது மாணவர் இருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டம் 2005 இலிருந்து இருக்கிறது. புல எண் புல எண்ணாக, ஒதுக்கியபோது யார் பெயர், இப்போது யார் பெயர், இப்போது அதில் நெல்லா, வீட்டுமனையா, கல்லூரிக் கட்டடமா என்று எழுதுங்கள். இதற்கு மண்வெட்டி வேண்டாம், பென்சிலும் அளவு நாடாவும் போதும். முடிவைக் கோயில் மண்டபத்தில் வாசிக்க வேண்டாம். சேரியில், சாயங்காலம், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு வாசியுங்கள். ஒரு நகல் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கு, ஒரு நகல் ஆட்சியருக்கு. அந்த ஊரில் ஏற்கெனவே கல்லூரி போய்க்கொண்டிருக்கும் சேரிப் பிள்ளைகளை முகாமின் முதல் நாளே கூப்பிட்டுப் பதிவேட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஏழு நாள் முடிந்து பஸ் கிளம்பும்போது அந்த ஊரிலேயே இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.